குழாயின் இரண்டு முனைகளும் நடுவில் இருப்பவர்களும்

2022 இல் பெற்றோல் லைனில் நின்ற ஞாபகம் எங்கள் எல்லோருக்கும் இருக்கும். விடிய நாலு மணிக்கே அப்பாவின் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய் லைனில் விட்டுவிட்டு, பரீட்சைக்கான நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். அந்த லைனில் அடிக்கடி கேட்ட கதை, “எல்லாம் உந்த உக்ரைன் சண்டையாலதான்” என்பது. அது பாதிதான் சரி. எங்கட நாட்டிடம் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போனதுதான் முதற்காரணம். அந்தச் சண்டை உலகச் சந்தையில் விலையை ஏற்றி, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததில் இன்னும் கொஞ்சம் ஊற்றியது.

ஆனால் லைனில் நின்ற ஒரு அண்ணா கேட்ட கேள்வி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. “ரஷ்யா கூடாது எண்டு சொல்லுற ஐரோப்பா, பிறகேன் ரஷ்யாட்டயே காஸ் வாங்குது?”

நல்ல கேள்வி. பகைவனிடம் ஏன் வாங்க வேண்டும், பகைவனுக்கு ஏன் விற்க வேண்டும்? பதில் தேடிப் போனால் ஐம்பது வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு குழாயின் கதை வருகிறது. அந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். “வியாபாரம் இருந்தால் சண்டை வராது” என்பது ஒன்று. “எதிரியை நம்பி அடுப்பு மூட்டினது மடைத்தனம்” என்பது மற்றது. இரண்டிலும் குழாயின் இரண்டு முனைகள் மட்டும்தான் தெரிகின்றன. நடுவில் இருந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது என்பதுதான் நாங்கள் இங்கே சொல்ல வருவது.

டாங்கிகளுக்குப் பின்னால் வந்த வாயு

1968 ஓகஸ்ட் 20 ஆம் திகதி இரவு, சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வார்சோ ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. ‘பிராக் வசந்தம்’ என்று பெயர் வாங்கிய அந்த நாட்டின் சீர்திருத்த முயற்சி டாங்கிகளால் நசுக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பா கண்டித்தது.

அடுத்த 12 நாளில், செப்டெம்பர் 1 ஆம் திகதி, அதே செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்துக்கடியால் வந்த குழாய் வழியாக சோவியத் எரிவாயு ஒஸ்ரியாவின் பவும்கார்ட்டன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கான ஒப்பந்தம் ஜூன் 1 இலேயே கைச்சாத்தாகியிருந்தது. படையெடுப்பு அதைக் குழப்பவில்லை. மேற்கு ஐரோப்பாவில் சோவியத் வாயுவை வாங்கிய முதல் நாடு ஒஸ்ரியாதான்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. அப்போது வந்த வாயு சைபீரியாவிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலும் மேற்கு உக்ரைனின் வயல்களில் எடுத்தது. அந்தக் காலத்தில் உக்ரைன் வாயு கேட்கும் இடமாக இருக்கவில்லை, கொடுக்கும் இடமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் மொஸ்கோவுக்கே உக்ரைனின் தாஷாவா வயலிலிருந்து குழாய் போனது. பின்னாளில் ‘ரஷ்யாவின் வாயுவில் தங்கியிருக்கும் உக்ரைன்’ என்று செய்தி வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தங்கியிருத்தல் பிறவியிலேயே வருவதல்ல. யார் எங்கே குழாய் போடுகிறார்கள், யாருடைய வயல் முதலில் வற்றுகிறது என்பதைப் பொறுத்து அது உருவாகிறது.

குழாயைத் தா, வாயுவைத் தருகிறேன்

சோவியத்திடம் வாயு இருந்தது. ஆனால் அதை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கொண்டுபோகத் தேவையான பெரிய விட்டமுள்ள உருக்குக் குழாய்கள் போதியளவு இருக்கவில்லை. மேற்கு ஜேர்மனியின் ரூர் பகுதி ஆலைகள் அதைச் செய்தன. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நடுவில் அமெரிக்கா நின்றது.

1962 நவம்பரில், கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்த கையோடு, சோவியத்துக்குப் பெரிய குழாய்கள் விற்கக்கூடாது என்று நேட்டோ தன் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மேற்கு ஜேர்மனியின் சான்சலர் அடெனவர் தன் நாட்டு ஆலைகள் செய்திருந்த ஒப்பந்தங்களையே ரத்துச் செய்ய வைத்தார். விளைவு என்ன? சோவியத் தானே குழாய் செய்யப் பழகியது. கிழக்கு ஐரோப்பாவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் ‘துருஷ்பா’ குழாய்ப்பாதை கொஞ்சம் பிந்தினாலும் 1964 இல் வேலைசெய்யத் தொடங்கியது. துருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் நட்பு.

1969 இல் வில்லி பிராண்ட் சான்சலராக வந்தபோது நிலைமை மாறியது. கிழக்கோடு முறைத்துக்கொண்டிருந்தால் பிரிந்துகிடக்கும் ஜேர்மனி பிரிந்தபடியேதான் கிடக்கும், நெருங்கிப் போனால்தான் மாற்றம் வரும் என்பது அவருடைய அணியின் நம்பிக்கை. 1970 பெப்ரவரி 1 ஆம் திகதி எசன் நகரத்து ஹொட்டல் ஒன்றில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னஸ்மான் 12 லட்சம் தொன் குழாய் கொடுக்கும். டொய்ச்சே வங்கியின் தலைமையில் வங்கிகள் 120 கோடி மார்க் கடன் கொடுக்கும். சோவியத் அந்தக் கடனை வாயு விற்ற காசில் அடைக்கும். ரூர்காஸ் கம்பனி 20 வருடம் வாயு வாங்கும்.

இது சும்மா கடையில் சாமான் வாங்குகிற மாதிரி இல்லை. எண்ணெய் எண்டால் கப்பலில் ஏற்றி, ஒருத்தர் வேண்டாம் என்றால் இன்னொருத்தருக்கு விற்கலாம். குழாயில் வரும் வாயு அப்படியில்லை. குழாய் எங்கே போய் முடிகிறதோ அங்கேதான் விற்க முடியும், எங்கே தொடங்குகிறதோ அங்கேயிருந்துதான் வாங்க முடியும். போட்ட முதலை எடுக்கவே பல வருடம் பிடிக்கும். அதனால் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட அளவை எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. ஒரு விதத்தில் கலியாணம் மாதிரித்தான். பிடிக்காமல் போனாலும் உடனே வெளிக்கிட ஏலாது.

1973 ஒக்டோபரில் சோவியத் வாயு மேற்கு ஜேர்மனிக்கு வரத் தொடங்கியது. அதே மாதம்தான் அரபு நாடுகள், இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு எண்ணெய்த் தடை போட்டன. எதிரி என்று சொல்லப்பட்ட நாடு வாயுவைத் திறந்துவிட்ட நேரத்தில், வழமையாக எண்ணெய் தந்த நாடுகள் வால்வை மூடின. ‘நம்பகமான வழங்குநர்’ என்ற பெயர் சோவியத்துக்கு வந்தது இப்படித்தான்.

கூட்டாளியோடு வந்த சண்டை

1980களின் தொடக்கத்தில் சைபீரியாவின் உரெங்கோய் வயலிலிருந்து உக்ரைனின் மேற்கு எல்லையிலுள்ள உஷ்கொரொட் வரை சுமார் 4,450 கிலோமீற்றருக்கு இன்னொரு குழாய் திட்டமிடப்பட்டது. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்ததும், அமெரிக்க ஜனாதிபதி ரீகன் இந்தக் குழாய்க்கான அமெரிக்க உபகரணங்களுக்குத் தடை போட்டார். 1982 ஜூனில், அமெரிக்கத் தொழில்நுட்ப உரிமத்தில் பொருள் செய்யும் ஐரோப்பியக் கம்பனிகளுக்கும் அந்தத் தடையை நீட்டினார்.

ஐரோப்பா கொதித்தது. சோவியத்துக்குத் தானியம் விற்பதற்கு இருந்த தடையை 1981 ஏப்ரலில் நீக்கியது இதே ரீகன்தான். அமெரிக்க விவசாயி கோதுமை விற்கலாம், ஸ்கொட்லாந்துத் தொழிலாளி டர்பைன் விற்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? ரீகனுக்கு மிக நெருக்கமான தட்சரின் அரசே, அமெரிக்கத் தடைக்குக் கீழ்ப்படிய வேண்டாமென்று தன் கம்பனிகளுக்கு உத்தரவிட்டது. 1982 நவம்பரில் அமெரிக்கா தடையை விலக்கிக்கொண்டது. 1984 இல் வாயு ஓடியது.

ரீகன் தரப்பின் பயம் முழுப் பிழை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் வால்வில் தங்கியிருந்தால் ஒருநாள் அது ஆயுதமாகும் என்றார்கள். ஆனால் அந்த ஆயுதம் முதலில் யாருக்கு எதிராகத் திரும்பியது என்று பாருங்கள். பனிப்போர் எவ்வளவு சூடாக இருந்தபோதும் மேற்கு ஜேர்மனிக்கான வாயு போய்க்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் லித்துவேனியா சுதந்திரம் அறிவித்தபோது, அடுத்த மாதமே மொஸ்கோ அதன் எண்ணெயை நிறுத்தி, வாயுவையும் வெட்டிக் குறைத்தது. பணக்கார வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், தன் கைக்குள் இருக்கவேண்டும் என்று நினைக்கிற சின்ன நாட்டுக்கு இன்னொரு நியாயம்.

நடுவில் வந்த நாடு

1991 இல் சோவியத் உடைந்தது. குழாய் உடையவில்லை. நேற்றுவரை ஒரே நாட்டுக்குள் ஓடிய குழாய் இன்று இரண்டு நாட்டுக்குள் ஓடியது. வயல்கள் ரஷ்யாவிடம், வாங்குபவர்கள் மேற்கில், நடுவில் உக்ரைன். 1990களில் ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய வாயுவில் மிகப் பெரும் பங்கு உக்ரைனைக் கடந்தே போனது.

இது உக்ரைனுக்குப் பலமும்தான், பலவீனமும்தான். அதன் ஆலைகள் மலிவு வாயுவில் பழகியவை. காசு கட்ட முடியாமல் கடன் ஏறியது. 1997 இல் கருங்கடல் கப்பற்படையைப் பிரித்துக்கொண்டபோது, உக்ரைன் விட்டுக்கொடுத்த கப்பல்களின் பெறுமதி அந்தக் கடனில் கழிக்கப்பட்டது. 2010 இல் ஜனாதிபதி யானுகோவிச், கிரைமியாவின் செவஸ்தபோலில் ரஷ்யக் கடற்படை தங்கும் காலத்தை மேலும் 25 வருடத்துக்கு நீட்டினார். அதற்குப் பதிலாகக் கிடைத்தது வாயு விலையில் கழிவு. நான்கு வருடத்தில் கிரைமியா போனது. காஸ் பில்லுக்குப் பதிலாக நிலத்தில் இடம் கொடுத்த கதை இது.

மறுபக்கத்தில், குழாய் உக்ரைன் வழியாகப் போகும்வரை ரஷ்யா அதை லேசில் விட்டுவிடவும் ஏலாது. 2006 ஜனவரி 1 ஆம் திகதி, ஆயிரம் கன மீற்றருக்கு 50 டொலராக இருந்த விலையை 230 ஆக்கக் கேட்டு, காஸ்ப்ரோம் உக்ரைனுக்கான வாயுவை வெட்டியது. ஐரோப்பாவுக்குப் போகும் வாயுவும் குறைந்தது. நாலு நாளுக்குள் சமரசம் வந்தது. 2009 ஜனவரியில் அப்படி முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு கிழமை உக்ரைன் வழியாக எதுவுமே போகவில்லை. பல்கேரியா கடும் குளிரில் மாட்டிக்கொண்டது. ஸ்லோவாக்கியா, ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுத்த வாக்கின்படி அப்போதுதான் மூடிய அணு உலையைத் திரும்பத் திறக்கலாமா என்றுகூட யோசித்தது.

இந்த இடத்தில் இரண்டு பாடம் படித்திருக்கலாம். வாயுவை வேறு பல இடங்களிலிருந்தும் எடுப்போம் என்பது ஒன்று. உக்ரைனைச் சுற்றிப்போவோம் என்பது மற்றது. ஜேர்மனியும் ரஷ்யாவும் இரண்டாவதை ஏற்கெனவே தெரிந்தெடுத்திருந்தன. 2005 செப்டெம்பரில் சான்சலர் ஷ்ரோடரும் புட்டினும் பார்த்திருக்க, பால்டிக் கடலுக்கடியால் நேரடிக் குழாய் போட உடன்பாடு வந்தது. அந்த வருடமே பதவி இழந்த ஷ்ரோடர், பிறகு அதே குழாய்க் கம்பனியின் பங்குதாரர் குழுவுக்குத் தலைவரானார். போலந்தின் அமைச்சர் சிகோர்ஸ்கி இதை 1939 இன் மொலோடோவ்–ரிப்பன்ட்ரொப் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார். பெரிய நாடுகள் இரண்டு எங்கட தலைக்கு மேலால கதைச்சு முடிச்சிட்டினம் என்பதுதான் அவர் சொல்லவந்தது. 1,224 கிலோமீற்றர் நீளமான ‘நோர்ட் ஸ்ட்ரீம்’ 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. 2014 இல் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த வருடமே, 2015 இல், இரண்டாவது நோர்ட் ஸ்ட்ரீமுக்கு ஐரோப்பியக் கம்பனிகள் கையெழுத்து வைத்தன.

ஜேர்மனியில் அதைச் சுத்த வியாபாரத் திட்டம் என்று சொன்னார்கள். ஆனால் நடுவில் இருப்பவனுக்கு அந்தக் குழாய் ஒரு கவசம். அவனை மிதித்தால் இரண்டு முனைக்கும் வலிக்கும். சுற்றுப்பாதை ஒவ்வொன்றும் அந்த வலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது.

சண்டைக்குள்ளும் ஓடிய வாயு

2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த வாயுவில் சுமார் 45 வீதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பெப்ரவரி 24 இல் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியது. ‘வியாபாரம் இருந்தால் சண்டை வராது’ என்ற கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் வாயு முடியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் பொரெல் ஒரு கணக்குச் சொன்னார்: உக்ரைனுக்கு ஆயுதத்துக்காகக் கொடுத்தது 1 பில்லியன் யூரோ, போர் தொடங்கியதிலிருந்து எரிபொருளுக்காக ரஷ்யாவுக்குக் கொடுத்தது 35 பில்லியன் யூரோ. இந்த முறை வால்வை முறுக்கியது ரஷ்யாதான். ரூபிளில் காசு கட்ட மறுத்ததற்காக ஏப்ரலில் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் நிறுத்தியது. ஜூனிலிருந்து நோர்ட் ஸ்ட்ரீமைப் படிப்படியாகக் குறைத்து, செப்டெம்பர் தொடக்கத்தில் அடியோடு நிறுத்தியது. செப்டெம்பர் 26 இல் கடலுக்கடியில் அந்தக் குழாய்கள் வெடித்துச் சிதறின.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு விளங்கிக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. போர் நடந்த ஏறக்குறைய மூன்று வருடமும் உக்ரைன் வழியாக ரஷ்ய வாயு ஐரோப்பாவுக்குப் போனது. ஏவுகணை அடிக்கிற நாடு, அடிவாங்குகிற நாட்டுக்குக் கடவைக் கட்டணம் கட்டியது. அடிவாங்குகிற நாடு, அடிக்கிறவனின் வாயுவைப் பத்திரமாகக் கடத்திவிட்டது. 2024 ஓகஸ்ட்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் சூட்ஷா நகரத்தைப் பிடித்தது. அந்தக் குழாயின் அளவீட்டு நிலையம் இருந்த இடம் அது. அதன் பிறகும் வாயு ஓடியது. குழாயால் போரை நிறுத்த முடியவில்லை. போராலும் குழாயை நிறுத்த முடியவில்லை. 2019 இல் கைச்சாத்தான ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும், உக்ரைன் அதைப் புதுப்பிக்க மறுத்ததால் 2025 ஜனவரி 1 ஆம் திகதிதான் அது நின்றது.

யார் தாங்கினார்கள், யார் தாங்கவில்லை

முனைகளில் இருந்தவர்களுக்கு அடி விழுந்தது, ஆனால் தாங்கினார்கள். ஜேர்மனி மாதக்கணக்கில் வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் திரவ வாயு இறக்குதுறை கட்டி 2022 டிசம்பரில் திறந்தது. காஸ்ப்ரோம் 2023 இல் 629 பில்லியன் ரூபிள் நட்டப்பட்டது. விற்பவனும் வாங்குபவனில் தங்கியிருந்தான் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

தாங்காதவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஐரோப்பா என்ன விலை கொடுத்தும் திரவ வாயுக் கப்பல்களை வாங்கியதால், 2022 நடுப்பகுதியில் பாகிஸ்தானின் கேள்விப்பத்திரத்துக்கு விற்க ஒருவரும் முன்வரவில்லை. பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டுக்குப் போனது. 2025 ஜனவரியில், மொல்டோவாவிலிருந்து பிரிந்து ரஷ்ய ஆதரவோடு இயங்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் வீடுகளுக்கான சூடாக்கலும் சுடுதண்ணீரும் நின்றன. துருக்கி வழியாக அனுப்ப வேறு பாதை இருந்தும், மொல்டோவா கடன் பாக்கி என்று காஸ்ப்ரோம் அனுப்பவில்லை. ரஷ்யாவை நம்பியிருந்த ஆக்களே நடு மாரியில் விறகு தேடினார்கள். சிலிண்டர் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய எங்களுக்கு அது என்னவென்று விளங்கும்.

அந்த அண்ணாவின் கேள்விக்கு இப்ப எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. பகைவனிடம் வாங்குவது மடைத்தனம் இல்லை. ஒரு நாடு தன் ஆலைக்கும் அடுப்புக்கும் வழி தேடியது. அதில் பல வருட அமைதியும் கிடைத்தது. பிழை, ‘ஒருவரிலொருவர் தங்கியிருக்கிறோம்’ என்ற வசனத்தை ‘சமமாகத் தங்கியிருக்கிறோம்’ என்று வாசித்ததில் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருந்தாலும், யாரால் கூட நேரம் மூச்சடக்க முடியும் என்பது வேறு கேள்வி. அந்தப் பிடிக்குள் நசிபடுவது யார் என்பது இன்னொரு கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைப் பெரிய மேசைகளில் கேட்பவர்கள் குறைவு.

இதை நாங்கள் வெறும் ஐரோப்பாக் கதையாக எழுதவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் மின்கட்டமைப்புகளை இணைக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திட்டன. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஐக்கிய அரபு இராச்சியத்தோடும் சேர்ந்து இன்னொன்று. இவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மின்வெட்டில் படித்த ஆக்கள் அப்படிச் சொல்ல ஏலாது. ஆனால் கேபிள் வரும்போது கேட்கவேண்டிய கேள்விகளை அந்தக் குழாய் எங்களுக்கு எழுதித் தந்திருக்கிறது. சுவிட்ச் யார் கையில்? நின்றுபோனால் எத்தனை நாள் தாங்குவோம்? இரண்டாவது வழி என்ன? கேபிள் கடந்துவரும் ஊர்களின் ஆக்களிடம் யாராவது கேட்டார்களா?

கடைசிக் கேள்வியைத்தான் பவும்கார்ட்டனிலும் எசனிலும் யாரும் கேட்கவில்லை.